சத்தம் நின்றால் என்ன செய்வது? பாம்பனில் ஒரு பழைய லேப்டாப்பும் ஓர்காவும்

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பாம்பனில் அந்த நாட்களில் படகுகள் ஓய்வில் கிடக்கும். ஆட்கள் வலை பின்னுவார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். 2025 தடைக்காலத்தில் நான் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கண் தெரியாத ஒரு தம்பிக்கு விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸையும், அதில் திரையை வாசித்துச் சொல்லும் ஓர்காவையும் பழக்கிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன், மற்ற நாட்களில் போன்தான். எங்கே தடுக்கி விழுந்தோம், எப்படி எழுந்தோம் என்பதை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடரைப் பழக்குவது என்றால் கீபோர்டு குறுக்குவழிகளைச் சொல்லித்தருவது என்றுதான் நினைத்துப் போனேன். அதற்காக நான்கு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அந்த நான்கு பக்கத்தில் இல்லாத ஒரு விஷயத்தில்தான் பாதி நாள் போனது: கணினி பேசாமல் போனால் என்ன செய்வது?

ஆளும் கருவியும்

தம்பிக்கு 22 வயது. சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது, வெளிச்சம் மட்டும் தெரியும். பள்ளியில் பிரெயில் படித்தவர். ஆண்ட்ராய்டு போனில் திரையை வாசிக்கும் டாக்பேக்கை வைத்துக்கொண்டு அவர் பறக்கும் வேகத்துக்கு என்னால் கேட்கக்கூட முடியாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா கருவாடு வாங்கி விற்கிறவர். அம்மாவின் கொடுக்கல் வாங்கல் கணக்கு முழுக்கத் தம்பியின் தலைக்குள்தான் இருந்தது. 'யாருக்கு எவ்வளவு பாக்கி'ன்னு அம்மா அடுப்படியிலிருந்து கேட்டால் இவர் திண்ணையிலிருந்து சொல்வார்.

கையில் இருந்தது அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. 4 ஜிபி நினைவகம், சுழலும் ஹார்டு டிஸ்க், உயிர் போன பேட்டரி. அதில் யாரோ விண்டோஸ் 10 ஏற்றிக்கொடுத்திருந்தார்கள். திறந்து டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. 11-க்கு இந்த இயந்திரம் தாங்காது.

புதுக் கணினி வாங்க வசதி இருந்திருந்தால் விண்டோஸும் அதில் ஓடும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரும் போதும் என்றே சொல்லியிருப்பேன். என்விடிஏ இலவசம், கட்டற்ற மென்பொருள், உதவி செய்யவும் நிறையப் பேர் இருக்கிறார்கள். லினக்ஸ் மீது எனக்கிருக்கும் பாசத்துக்காக ஒருவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது. ஆனால் இந்த வீட்டில் இருந்தது இந்தப் பெட்டிதான். அதில் ஓடக்கூடியது லினக்ஸ், லினக்ஸ் டெஸ்க்டாப்பில் (ஜன்னல், மெனு எல்லாம் காட்டும் திரைச் சூழல், லினக்ஸில் அது பல வகை) திரையை வாசிப்பது ஓர்கா. 2000-களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் தொடங்கிய திட்டம் அது, பிறகு க்னோம் என்ற டெஸ்க்டாப்போடு சேர்ந்தே வர ஆரம்பித்தது.

பெயரைச் சொன்னதும் திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். காசு கொடுத்து வாங்கும் பழைய ஸ்கிரீன் ரீடர் ஒன்றுக்கு 'ஜாஸ்' என்று பெயர், அந்த வார்த்தையைக் கேட்டால் சுறா நினைவுக்கு வரும், அந்த வரிசையில்தான் இதற்குக் கொலைகாரத் திமிங்கலத்தின் பெயரை வைத்தார்கள் என்று விளக்கினேன். உண்மையில் அது ஓங்கில் (டால்பின்) குடும்பம் என்றும் சொன்னேன். "அப்ப ஓங்கில்னு சொல்லுங்க தம்பி, அது நல்லது, வலையத்தான் கிழிக்கும்" என்றார்.

என் முதல் தப்பு

பழைய இயந்திரம் என்பதால் இருப்பதிலேயே எடை குறைந்த டெஸ்க்டாப் ஒன்றை வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். வேகமாகத்தான் ஓடியது. ஆனால் கீழே இருக்கும் பேனலுக்குப் போனால் ஓர்கா வாயைத் திறக்கவில்லை. மெனு பாதி பேசியது, பாதி பேசவில்லை. எனக்குத் திரை தெரிவதால் அது பெரிய குறையாகப் படவில்லை. தம்பி ஐந்து நிமிடத்தில் கையை எடுத்துவிட்டார்.

நடப்பது இதுதான். ஓர்கா திரையில் இருக்கும் படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. ஒவ்வொரு நிரலும் 'நான் ஒரு பட்டன், என் பெயர் இது, இப்போது அழுத்தப்பட்டிருக்கிறேன்' என்று ஏடி-எஸ்பிஐ என்ற பாதை வழியாகத் தானே சொல்ல வேண்டும். சொல்லாத நிரல் ஓர்காவுக்கு இல்லாத நிரல். ஓர்கா கேட்டுக்கொண்டதை ஸ்பீச் டிஸ்பேச்சர் வாங்கி, ஈஸ்பீக் என்ற குரல் நிரலிடம் கொடுக்கும். ஈஸ்பீக்கிலிருந்து ஒலி ஸ்பீக்கருக்குப் போகும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கேட்கிறவருக்கு ஒரே விளைவுதான். அமைதி.

ஆக, பார்வையற்றவருக்கு டெஸ்க்டாப் தேர்ந்தெடுக்கும்போது எடையை இரண்டாவதாகப் பாருங்கள். க்னோம் அல்லது மாட்டே, இரண்டில் ஒன்று. பழைய க்னோம் 2-இலிருந்து கிளைத்தது மாட்டே, இந்தப் பெட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. கேரளத்தில் பார்வையற்றோருக்கென்றே உபுண்டு மாட்டே என்ற லினக்ஸ் தொகுப்பை வைத்துச் செய்த ஆக்சஸிபிள் கோகோனட் என்ற தொகுப்பு உண்டு. எல்லாம் தயாராக வரும். நான் டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸ் தொகுப்பை எடுத்ததற்குக் காரணம் வேறு: அதை அவரே நிறுவ முடியும்.

அவரே நிறுவினார்

டெபியனின் நிறுவல் பென்டிரைவை மாட்டித் தொடங்கினால், மெனு வந்ததும் ஒரு 'பீப்' வரும். எஸ் எழுத்தை அழுத்தி என்டர் தட்டினால் நிறுவி பேசத் தொடங்கும். எங்கள் லேப்டாப்பில் அந்த பீப் வரவில்லை. தம்பி காதை ஹார்டு டிஸ்க் பக்கம் வைத்து, அது ஓடி அடங்கும்வரை காத்திருந்துவிட்டு எஸ் அழுத்தினார். வந்துவிட்டது.

அடுத்து எனக்குப் பிடித்த இடம். ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டை இருந்தால் நிறுவி ஒவ்வொன்றிலும் பேசிப் பார்க்கும். எதில் கேட்கிறதோ அதில் என்டர் தட்ட வேண்டும். எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகும் ஒலியும் ஒரு அட்டையாகக் கணக்கில் வரும் என்பதால் முதல் முறை நிசப்தம், இரண்டாம் முறை குரல். இதைச் செய்தவர்களுக்குப் பேசாத கணினி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்விகள் எண்ணிட்டு வரும், பதிலாக எண்ணைத் தட்டினால் போதும். கேள்விக்குறி தட்டினால் உதவி. மொழியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டோம். அக்காவின் கல்யாணப் படங்களை முன்பே வெளி டிஸ்கில் எடுத்து வைத்திருந்ததால் டிஸ்கை முழுதாக அழிக்கத் துணிவு இருந்தது. போனை யூஎஸ்பி வழியாக மாட்டி இணையம் கொடுத்தோம், மதியம் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப் தேர்வில் மாட்டேவின் எண்ணைக் கொடுத்தார்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. பென்டிரைவிலிருந்து தொடங்கும்படி பயாஸில், அதாவது கணினி எழுவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்பில், மாற்றிக் கொடுத்தேன். பயாஸ் பேசாது. அங்கே இன்னமும் கண் உள்ள ஒருவர் வேண்டும், இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

நிறுவிய பிறகு கடவுச்சொல் கேட்கும் பக்கம் சில சமயம் பேசியது, சில சமயம் இல்லை. தானாகவே உள்ளே போகும்படி மாற்றிவிட்டேன். பாதுகாப்புக்கு நல்லதல்லதான். வீட்டைத் தாண்டாத லேப்டாப் என்பதால் ஒத்துக்கொண்டோம்.

முதல் வாரம்

என் நான்கு பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு குறுக்குவழியில் தொடங்கினோம். ஓர்கா கீயோடு எச். இது பழகும் முறை. இதற்குள் இருக்கும்போது எந்தக் கீயை அழுத்தினாலும் ஓர்கா அதன் பெயரையும், அதற்கு வேலை இருந்தால் அந்த வேலையையும் சொல்லும், ஆனால் எதையும் செய்யாது. எஸ்கேப் அழுத்தினால் வெளியே. ஒரு சாயங்காலம் முழுக்க அவர் கீபோர்டைத் தடவிக்கொண்டே இருந்தார். எதுவும் கெட்டுப்போகாது என்று தெரிந்த பிறகு விரல்கள் எவ்வளவு தைரியமாகப் போகின்றன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஓர்கா கீ என்பது வழக்கமாக இன்சர்ட். லேப்டாப் அமைப்பில் கேப்ஸ் லாக். இன்சர்ட் எங்கள் லேப்டாப்பில் எஃப்என் கீயோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் லேப்டாப் அமைப்புக்கு மாறினோம். ஓர்காவோடு ஸ்பேஸ் அழுத்தினால் அமைப்புகள் திறக்கும், அங்கே மாற்றலாம். பிறகு ஓர்கா கீயோடு வரிக்கு யூ, ஐ, ஓ, சொல்லுக்கு ஜே, கே, எல், எழுத்துக்கு அவற்றுக்குக் கீழே இருக்கும் மூன்று. முந்தையது, இப்போதையது, அடுத்தது என்று இடமிருந்து வலம். கீபோர்டில் மூன்று அடுக்காக இருப்பதால் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, கை தானே கண்டுகொண்டது. உலாவியில் ஓர்கா கீ இல்லாமலே தலைப்புக்கு எச், இணைப்புக்கு கே, பட்டனுக்கு பி என்பதெல்லாம் இரண்டே நாளில் வந்துவிட்டது.

குரல் பற்றிக் கொஞ்சம். ஈஸ்பீக்கின் தமிழ் இயந்திரத் தமிழ்தான். அம்மா முதல் நாள் கேட்டுவிட்டு "யாருடா இது, சளி பிடிச்சவன் மாதிரி பேசுறான்" என்றார். நானும் இனிமையான குரல் தேடிக் கொஞ்ச நேரம் வீணடித்தேன். தம்பிக்கு இனிமை வேண்டியிருக்கவில்லை, வேகம் வேண்டியிருந்தது. வேகத்தை 50-லிருந்து 80-க்கு ஏற்றிவிட்டு, அந்த வேகத்திலும் லகரமும் ழகரமும் பிரிந்து கேட்கிறதா என்று மட்டும் சோதித்தார். மனிதக் குரலை ஒத்த குரல்கள் வேகம் கூடினால் குழையும். ஈஸ்பீக் குழையாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குரல் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ச் சொற்கள் சொற்களாகவே வராது. தமிழ்க் குரலை வைத்தால் நடுவே வரும் ஆங்கிலத்தையும் சமாளித்துக்கொள்ளும். அதனால் தமிழ்க் குரலையே நிரந்தரமாக வைத்துவிட்டோம்.

அந்த மூன்று மணி நேரம்

மே மாதம் நடுவில் ஒரு காலை போன். "அண்ணே, பேச மாட்டேங்குது."

நான் ராமநாதபுரத்தில், அவர் பாம்பனில். முந்தைய நாள்தான் சில புதுப்பிப்புகளை ஏற்றியிருந்தோம். அதனால் ஓர்காதான் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். ஆல்ட் எஃப்2 அழுத்தி, 'ஓர்கா' என்று தட்டி, ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, 'ரீப்ளேஸ்', என்டர் என்றேன். இது ஓடிக்கொண்டிருக்கும் ஓர்காவைத் தூக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். பேசவில்லை. கணினியை அணைத்துப் போட்டார். பேசவில்லை. கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து ஸ்பீச் டிஸ்பேச்சரைக் கொன்றுவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னேன். அவர் காதில் ஒன்றும் விழாமலே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார், தட்டியது சரியா என்று தெரியவும் வழியில்லை. ஒலி அளவு கீயை அழுத்தச் சொன்னேன். ஓர்காவை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதற்கான கட்டளையைக்கூடச் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்போது அவர், "இருங்கண்ணே, ஒண்ணு பாக்குறேன்" என்று போனைக் கீழே வைத்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். "ஹெட்போன் மாட்டினேன். காதுல பேசுது. இவ்வளவு நேரமும் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

விஷயம் இதுதான். ஹெட்போன் மாட்டும் துளைக்குள் ஒரு சிறு தகடு இருக்கிறது. பிளக் உள்ளே போனால் அது நகர்ந்து, 'ஹெட்போன் வந்துவிட்டது, ஸ்பீக்கரை மூடு' என்று கணினிக்குச் சொல்லும். பாம்பனில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. உப்புக் காற்று சைக்கிள் செயினை விடாது, கதவுக் கீலை விடாது, இந்தத் தகட்டை மட்டும் விடுமா? பச்சை பூத்து ஒட்டிக்கொண்டுவிட்டது. வெறும் துளையை ஹெட்போன் என்று நம்பி, மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்தது பாவப்பட்ட ஓர்கா.

பிளக்கை இருபது முப்பது முறை செருகி எடுத்ததில் ஸ்பீக்கர் திரும்பியது. அடுத்த முறை போனபோது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தேன், பஞ்சு பச்சையாக வந்தது. முன்னெச்சரிக்கையாக விலை குறைந்த யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன், பயன்படாதபோது அது பாலித்தீன் உறைக்குள் இருக்கிறது.

அன்றைக்குப் பிறகு, அமைதி வந்தால் என்ன வரிசையில் போவது என்று இருவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டோம். அந்த வரிசை அவருடையது, நான் எழுதிக்கொண்டேன். முதலில் நூறு எண்ணு, ஹார்டு டிஸ்க் ஓடுகிறதா என்று அடியில் கை வைத்துப் பார். அடுத்து ஹெட்போனை மாட்டிக் கழற்று. அதன் பிறகு ஒலி அளவு. அதற்கும் பிறகுதான் ஆல்ட் எஃப்2-உம் ஓர்கா ரீப்ளேஸும். கடைசியாகப் பவர் பட்டன். நான் என்றால் நிரலிலிருந்து தொடங்குவேன். அவர் கையால் தொடக்கூடியதிலிருந்து தொடங்கினார். அவர் சொன்னதுதான் சரி.

இந்த வரிசைக்கும் பிடிபடாதது ஒன்று வந்தது. பேட்டரி செத்த லேப்டாப்பில் மின்சாரம் போனால் நடுவிலேயே அணைந்துவிடும். அப்படி இரண்டு முறை அணைந்த பிறகு ஒரு நாள் டெஸ்க்டாப் வரை வரவே இல்லை. அவர் வீடியோ கால் போட்டுப் போனைத் திரை முன் பிடித்தார். "கொஞ்சம் மேல... இடது பக்கம்... நில்லு" என்று சொல்லிச் சொல்லிப் படித்தேன். கோப்பு முறைமையைக் கையால் சரிபார்க்கச் சொல்லி 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொல்ல, தட்டினார், சரியானது. ஓர்காவோ வேறு எந்தக் குரலோ எழுவதற்கு முன்பே நிற்கிற இடம் அது. அதற்குப் பேட்டரி வாங்குவதுதான் மருந்து. வாங்கினோம்.

ஜே கே பி ஓ செமிகோலன்

தட்டச்சுக்குத் தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பை எடுத்தோம். உயிர் இடது கையில், மெய் வலது கையில் என்பதால் பார்க்காமல் தட்டுகிறவர்களுக்குச் சுலபம். ஆனால் ஓர்கா ஒவ்வொரு கீக்கும் அதன் ஆங்கில எழுத்தைச் சொல்லிக் குழப்பியது. கீ எதிரொலியை நிறுத்தி, சொல் முடிந்ததும் சொல்லை மட்டும் வாசிக்கும்படி வைத்தோம். தவறு தட்டினால் இடைவெளி விட்டதும் காதில் விழுந்துவிடும்.

தேர்வுக் குறிப்புகள்தான் பெரிய வில்லங்கம். நண்பர்கள் அனுப்பிய ஒரு பிடிஎஃப்பைத் திறந்ததும் ஓர்கா "ஜே கே பி ஓ செமிகோலன்" என்றது. தம்பி கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் உள்ளே இருப்பது அதுதான். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். பல ஆண்டுகளாகப் புழங்கும் தேர்வுக் குறிப்புகளில் இப்படிப்பட்டவை ஏராளம். எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்கினால் படித்துவிடும்.

படமாக ஸ்கேன் செய்தவற்றுக்கு லியோஸ் என்ற நிரலும், அதற்குள் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட்டின் தமிழ்த் தரவும். அது துணைக்காலையும் 'ர'-வையும் குழப்பும். 'காரணம்' என்பது 'கரரணம்' என்று வரும். தம்பி இரண்டே நாளில் காதாலேயே அதைத் திருத்திக்கொள்ளப் பழகிவிட்டார். திரையைப் பார்த்துப் படிக்கும் நான் இன்னமும் தடுமாறுகிறேன்.

கருவாட்டுக் கணக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாளுக்கு வந்தது. தேதி, சரக்கு, எடை, விலை, பாக்கி என்று ஐந்து நெடுவரிசை. நெத்திலிக்குத் தனித் தாள். ஓர்காவோடு எஃப்11 அழுத்தினால் கட்டம் கட்டமாகவோ முழு வரிசையாகவோ வாசிக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். இதில் சொல்லிக்கொள்ளும்படி சிக்கல் ஏதும் வரவில்லை. வந்த ஒரே சிக்கல், 'ஏன்டா, தலையில இருந்ததை எதுக்குப் பெட்டியில போட்டு வைக்கிற' என்று அம்மா கேட்டதுதான்.

தடைக்காலத்துக்குப் பிறகு

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்து படகுகள் கிளம்பின. என் வாராந்தரப் பயணமும் நின்றது. தொடங்கியபோது வாரத்துக்கு ஆறேழு முறை போன் வரும், ஜூன் கடைசியில் ஒன்றோ இரண்டோ. டெர்மினலில் வேலை செய்வதும், டெஸ்க்டாப்பே இல்லாத கன்சோலில் பேசும் ஸ்பீக்கப்பைப் பழகுவதும் இன்னும் பாக்கி. தேர்வு முடியட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளியானது. ஓடுகிற கணினியை நோண்ட வேண்டாம், நான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வாரமே, தானே ஏற்றப்போவதாகச் சொன்னார். முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டேன், எடுத்தாயிற்று என்றார். அன்று இரவு போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்தேன். பதினொன்றரைக்கு அடித்தது. வீடியோ கால் இல்லை, சாதாரணக் கால்.